கல்யாணம் ஆன கையோடு மேற்படிப்பு: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம் வீட்டில் மூன்று காலண்டர்கள் இருந்தன. சாமி படம் போட்ட தினசரி காலண்டர் கூடத்தில் தொங்கியது. அஷ்டமி, பிரதோஷம், முகூர்த்த நாள் எல்லாம் அதில்தான். காலையில் தாளைக் கிழிக்கும்போதே அத்தை அன்றைய விரதத்தைச் சொல்லிவிடுவார். என் பல்கலைக்கழகத் தேதிகள் என் போனில் இருந்தன. என் கணவர் மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறார். அந்த ஆலையின் சீசன் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த வருடம் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் இதனால் வந்தவை.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில். நான் சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருந்தேன். அவர் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.காம். படித்தார். கல்யாணம் நிச்சயமாகும்போதே "படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள், அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள். அப்படி இருந்தும் தடுமாறினோம். இப்போது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகு எம்.ஏ., பி.எட்., பி.எச்.டி. என்று படிக்கும் தம்பதிகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆடி மாதத்தை மறந்துவிட்டு வகுப்பில் சேர்வது

புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். என் ஆய்வுக்கு முந்தைய பாட வகுப்புகளும் அப்போதுதான் நடந்தன. மாம்பழச் சீசனின் கடைசி நெருக்கடியும் அதே சமயம். பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து ஆலை வாசலில் நிற்கும். அவர் வீட்டுக்கு வர இரவு பத்து, பதினொன்று ஆகும்.

என் அம்மா வீடு அரூர் பக்கம். அழைத்துப் போக அப்பா வந்து நின்ற பிறகுதான் எனக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. அழுதேன், கோபப்பட்டேன், கடைசியில் பாதிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மீதி காவேரிப்பட்டணத்திலேயே கிடந்தன. அந்த மாதம் முழுக்க எதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

பிறகு யோசித்தால்தான் புரிந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து சேலத்துக்குப் போவதைவிட, அரூரிலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாகப் போவது பக்கம். அம்மா சமைத்துப் போடுவார். கணவர் எப்படியும் அந்த மாதம் ஆலையில்தான் இருப்பார். முன்கூட்டியே தேதி பார்த்து, புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த ஆடி எனக்குக் கிடைத்த படிப்பு மாதமாக இருந்திருக்கும். வழக்கம் எனக்கு உதவியாக வந்தது. நான்தான் அதைத் தடையாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது நாங்கள் ஒரு பெரிய மாதக் காலண்டர் வாங்கி, சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். புது வருடக் காலண்டர் வந்ததும் அத்தையையும் கூட உட்கார வைத்து, குலதெய்வப் பொங்கல், ஆடி 18, கார்த்திகை, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறிக்கிறோம். படிப்புத் தேதிகள் நீலம், ஆலைச் சீசன் பச்சை. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வான நெட் வழக்கமாக ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். அதையும் உத்தேசமாகவாவது எழுதிவிடுங்கள். அத்தையை உட்கார வைப்பது முக்கியம். தன் கையால் குறித்த தேதிக்குப் பக்கத்தில் தேர்வு இருப்பதைப் பார்த்தபோது, "அப்ப பூசையை அடுத்த வாரம் வெச்சிக்கலாம்மா" என்று அவரே சொன்னார். நான் கேட்டிருந்தால் அது வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஒருவர் விரதம், இன்னொருவர் வேலை

இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார். எனக்கும் அதில் மனப்பூர்வமான பக்தி உண்டு. ஆனால் அந்த முதல் கார்த்திகையில் மாலை போட்டது அவர், நான்கு மணிக்கு எழுந்தது நான். அவர் குளிக்கத் தண்ணீர், பூஜைக்குத் துடைத்த இடம், தனிப் பாத்திரத்தில் சமையல், சாயங்காலம் வரும் சாமிகளுக்குப் பிரசாதம். அத்தைக்கு முட்டிவலி, அதனால் பெரும்பாலும் என் தலையில். நவம்பர் கடைசியில் எனக்கு ஆய்வுக் குழுக் கூட்டம் இருந்தது, அவருக்கு டிசம்பரில் எம்.காம். தேர்வு. இரண்டு பேரும் சரியாகச் செய்யவில்லை.

மாதவிலக்கு நாட்களில் நான் வேறு வீட்டில் தங்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. எங்கள் தெருவிலேயே சித்தி வீடு இருந்ததால் போனேன். ஆனால் அங்கே மேசை இல்லை, என் குறிப்பேடுகள் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய மூன்று நாட்கள் அப்படிப் போயின.

தவறு விரதத்தில் இல்லை. யார் என்ன செய்வது என்று பேசாமலேயே தொடங்கியதில்தான் இருந்தது. அடுத்த வருடம் மாலை போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். விடிகாலைப் பூஜை வேலை முழுக்க அவருடையது. தன் துணியைத் தானே துவைப்பது, பூஜைப் பாத்திரத்தைத் தானே தேய்ப்பது எல்லாம் விரதத்தில் சேர்ந்ததுதான் என்று அவருடைய குருசாமியே சொல்லிவிட்டார். பஜனை வாரம் ஒருநாள் எங்கள் வீட்டில், மற்ற நாட்களில் வேறு வீடுகளில். சித்தி வீட்டில் எனக்கென்று ஒரு மடக்கு மேசை வாங்கிப் போட்டோம். அந்த நாட்களில் வேறு வீட்டில் தங்குவது வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொரு வீட்டின் முடிவு. ஆனால் போகத்தான் வேண்டும் என்றால் மேசையோடு போங்கள்.

நீங்கள் வேறு மதத்தவராக இருந்தாலும் இது பொருந்தும். ரமலானில் சஹருக்கு எழுந்து சமைப்பது யார், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"படிப்பு முடியட்டும், சாமியைப் பிறகு பார்த்துக்கலாம்"

இரண்டாம் வருடம் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். தேய்பிறை அஷ்டமி தோறும் சேலத்திலிருந்து திரும்பும் வழியில் அதியமான்கோட்டையில் இறங்கி, காலபைரவரைக் கும்பிட்டுவிட்டு வருவது என் வழக்கம். அஷ்டமியன்று கூட்டம் அலைமோதும். சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வரிசையில் நின்று, தரிசனம் முடித்து, அடுத்த பஸ் பிடித்து வீடு சேர இரவாகிவிடும். அதை நிறுத்தினேன். பிறகு வெள்ளிக்கிழமைக் கோயிலும் போனது. சாயங்கால விளக்கைக்கூட அத்தையிடம் விட்டுவிட்டேன்.

அந்த நேரம் படிப்புக்குப் போனதா என்றால், போகவில்லை. போனில் போனது, கவலைப்படுவதில் போனது. அதைவிட மோசம், நானும் அவரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியமும் இல்லாமல் போனது. சினிமாவுக்கு நேரமில்லை, வெளியூருக்குப் பணமில்லை. விளக்கேற்றிவிட்டுப் பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோமே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இழந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது அதியமான்கோட்டைக்கு அஷ்டமியில் போவதில்லை, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போகிறோம். வருடத்தில் ஒரே ஒரு அஷ்டமிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய் வரிசையில் நிற்கிறோம். வீட்டு விளக்கு மட்டும் தினமும்; அவர் ஷிப்டில் இருந்தால் நான், நான் பஸ்ஸில் இருந்தால் அத்தை.

இன்னொன்றும் உண்டு. பயம் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு வேண்டுதல் வைக்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் நான் வைத்த வேண்டுதல்களை நிறைவேற்றவே அடுத்த அரை வருடம் ஓடியது.

"எப்போ முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்காதது

கல்லூரிப் படிப்பு என்றால் மூன்று வருடம், பரீட்சை, பட்டம் என்று வீட்டில் தெரியும். முனைவர் பட்டம் அப்படி இல்லை. "ஏம்மா, இன்னும் எத்தினி வருசம்?" என்று மாமா கேட்டபோதெல்லாம் "தெரியல மாமா" என்றேன். மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். அதற்குள் உறவினர் வீட்டு விசேஷங்களில் "குழந்தை எப்போ?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

விதிகளை முதலில் நீங்கள் தெரிந்துகொண்டு, பிறகு வீட்டில் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு, மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கலாம். திருமணத்தால் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அதுவரை செய்த ஆய்வோடு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறவும் நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகச் சேரலாம், வேலை கொடுப்பவரின் தடையின்மைச் சான்று வேண்டும்.

என்னோடு சேர்ந்த ஒரு தோழி கர்ப்பமானதும் பதிவையே ரத்து செய்துவிட்டாள். இந்த 240 நாட்களைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்றும் நினைத்தால் மனது ஆறவில்லை. தயவுசெய்து எழுதிக் கொடுக்கும் முன் கேளுங்கள்.

நான் மாமாவுக்கு ஒரு தாளில் வருட வாரியாக எழுதிக் கொடுத்தேன்: இந்த வருடம் வகுப்பு, அடுத்த வருடம் ஆய்வகம், அதற்கடுத்து எழுதுவது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு விசேஷ வீடுகளில் எனக்குப் பதில் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

பணமும் இனிஷியலும்

ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சம்பளம் போல ஒன்றாம் தேதி வராது. சில மாதங்கள் சேர்த்து மொத்தமாக வரும். அதை நம்பி மாதத் தவணையில் வண்டி எடுக்காதீர்கள். கணவர் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, உதவித்தொகை வரும்போது கட்டணத்துக்கும் நகைக் கடனுக்கும் ஒதுக்குவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

அப்புறம், கல்யாணமானதும் ஆதாரில் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போடுவது. இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நான் அவசரப்பட்டு மாற்றினேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் மூன்றாவதாக ஒன்று. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது எதுவும் பொருந்தாமல் இரண்டு மாதம் அலைந்தேன். படிப்பு முடியும்வரை சான்றிதழில் இருக்கிற பெயரே எல்லா இடத்திலும் இருக்கட்டும். முகவரி மாற்றினால் போதும். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். தொப்பூர் கணவாயில் வண்டி ஏறி இறங்கும்போது புத்தகத்தைப் பார்த்தால் குமட்டும். விபத்தென்று அங்கே சாலை அடைத்துக்கொண்டால் வீடு சேரும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. நான் அந்த நேரத்தைத் தூங்க வைத்துக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சேலம் போக வழிகாட்டியிடம் அனுமதி கேட்டேன். அவர் உடனே கொடுத்தார். முதல் வருடமே கேட்டிருக்கலாம்.