பேருந்தில் போய் நடந்து பார்க்க: வீசென்ட் பள்ளத்தாக்கின் சுண்ணக்கல் மலைகளும் சிதைந்த கோட்டைகளும்

வீசென்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடைப்பயணத்தைத் திட்டமிடுகிறவர், மாலையில் திரும்ப வேண்டிய பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் காலைப் புறப்பாட்டுக்கு வர வேண்டும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வட பகுதியில், நியூரெம்பெர்க், பாம்பெர்க், பைரொய்ட் ஆகிய மூன்று நகரங்களுக்கு நடுவே, இந்தப் பள்ளத்தாக்கு ஓடும் மலைநாட்டுக்குப் பிராங்கோனிய சுவிட்சர்லாந்து என்று பெயர். சுண்ணக்கல் பாறைகளும் குகைகளும் சிதைந்த கோட்டைகளும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்க, அவற்றின் அடிவாரம் வரை பேருந்தும் போகிறது என்பதால், கார் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பள்ளத்தாக்கைத்தான். கார் வைத்திருப்பவர்களுக்கும் பேருந்தையே சொல்வேன். காரில் வந்தவர் அதை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பேருந்தில் வந்தவரோ ஓர் ஊரில் இறங்கி, மலைமேல் நடந்து, வேறோர் ஊரில் ஏறிக்கொள்ளலாம்.

நியூரெம்பெர்கிலிருந்து ஃபோர்ஹைம் வரை ரயிலில் வந்து, அங்கே எபர்மான்ஷ்டட் செல்லும் கிளைப்பாதை ரயிலுக்கு மாற வேண்டும். 1891-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் வழக்கமான ரயில்கள் எபர்மான்ஷ்டட்டோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் பேரிங்கர்ஸ்ம்யூலே வரையுள்ள 16 கிலோமீட்டர் தண்டவாளத்தில் பழங்கால ரயில் மட்டும், அதுவும் கோடையில் குறிப்பிட்ட நாட்களில்தான் ஓடுகிறது. ஆகவே எபர்மான்ஷ்டட்டில் இறங்கி 389 எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ரயிலும் பேருந்தும் ஒரே போக்குவரத்துக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை என்பதால் ஒரே சீட்டு இரண்டுக்கும் செல்லும். குடும்பமாகவோ இருவராகவோ போகிறவர்கள் ‘டாகெஸ்டிக்கெட் ப்ளுஸ்’ என்ற ஒரு நாள் கூட்டுச் சீட்டை வாங்கலாம். சனிக்கிழமை வாங்கினால் அது ஞாயிற்றுக்கிழமைக்கும் செல்லும். மாதச் சந்தாவான ‘டாய்ச்லாண்ட்டிக்கெட்’ இருந்தால் தனிச் சீட்டே தேவையில்லை. அது 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமானது; 2025-இல் 58 யூரோவாகவும் 2026-இல் 63 யூரோவாகவும் உயர்ந்தது.

நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படிப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய காரியம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பத்தி, சனிக்கு ஒன்று, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களுக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள், அதுவரை குழப்பமில்லை. ஆனால் சில நேரங்களின் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்து இருக்கும். அதன் பொருள் தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்: பள்ளி நாட்களில் மட்டும். கிராமப்புறப் பேருந்துகளில் பல மாணவர்களை ஏற்றிச் செல்வதற்காகவே ஓடுகின்றன; பள்ளி விடுமுறையில் அவை வராது. நான் ஒரு வியாழக்கிழமை நண்பகலில், பள்ளத்தாக்கிலுள்ள ஷ்ட்ரைட்பெர்க் என்ற ஊரின் நிறுத்தத்தில் இந்த எழுத்தைக் கவனிக்காமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அது பள்ளி விடுமுறை வாரம் என்பது பிறகுதான் உறைத்தது. ஆற்றோரப் பாதையில் எபர்மான்ஷ்டட் வரை நடந்தே ரயிலைப் பிடித்தேன். அன்றுமுதல், புறப்படுவதற்கு முந்தின இரவு அந்தத் தேதியை இட்டுச் செயலியில் தேடி, திரும்பும் பேருந்துகளில் கடைசியானதையும் அதற்கு முந்தினதையும் தாளில் எழுதிக்கொள்கிறேன். முந்தின பேருந்துக்கே நடையைத் திட்டமிட வேண்டும்; கடைசிப் பேருந்து கால் வலிக்கும் வழி தவறலுக்கும் உரிய கையிருப்பு. தொலைபேசிக் குறி போட்ட நேரங்கள் அழைப்பின்பேரில் மட்டும் வரும் வண்டிகளைக் குறிக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் அவை வரும். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் அட்டவணை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். பச்சைக் காடும் கீழே ஓடும் ஆறும் கண்ணில் படுவதால் மேலேயும் ஓடைகள் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சுண்ணக்கல் மேட்டில் விழும் மழை, வெடிப்புகள் வழியே நேராக உள்ளே இறங்கிவிடுகிறது. நீரை விடாத களிப்படுகையைத் தொட்ட பிறகே பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வருகிறது. மேட்டுக் கிராமத்தார் முற்காலத்தில் மழைநீரைக் குட்டைகளில் தேக்கி வாழ்ந்தார்கள். அந்தக் குட்டைக்கு வழங்கிய ‘ஹ்யூல்’ என்ற சொல் இன்றும் சில ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கிறது. எனவே கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் நீரைக் கீழேயே நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் நடை ஷ்ட்ரைட்பெர்கில் தொடங்கி முக்கென்டோர்ஃபில் முடிகிறது. பார்த்து நின்று போனால் நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். பேருந்திலிருந்து இறங்கியதும் ஊருக்கு மேலேயுள்ள ஷ்ட்ரைட்பெர்க் கோட்டைக்கு ஏறிவிட வேண்டும். அங்கே மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஆனாலும், பள்ளத்தாக்குக்கு அப்பால் எதிர்ச்சரிவில் நிற்கும் நைடெக் கோட்டையை அங்கிருந்து பார்த்த பிறகு அதை நோக்கி நடப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. பிறகு இறங்கி, ஆற்றைக் கடந்து, காட்டுப்பாதையில் நைடெக்குக்கு ஏற வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும்.

நைடெக்கில் அவசரப்படாதீர்கள். சுமார் 15 முதல் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமற்ற வெப்பக் கடல் இருந்தது. அதன் தரையில் கடற்பஞ்சுகள் கட்டிய திட்டுகளே இந்தப் பாறைகள். சுற்றியிருந்த அடுக்குப்பாறை கரைந்து போக, கடினமான திட்டுகள் செங்குத்தாக நின்றுவிட்டன. கோட்டை கட்டுகிறவருக்கு மூன்று பக்கமும் சரிவாக ஒரு முனை கிடைத்தால், நான்காவது பக்கத்தில் அகழியை வெட்டினால் போதும். சுவருக்குக் கல்லும் சாந்துக்குச் சுண்ணாம்பும் காலடியிலேயே இருந்தன. 1312-இல் ஆவணங்களில் முதன்முதலாகத் தென்படும் இக்கோட்டை ஷ்ல்யூசல்பெர்க் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. 1347-இல் பாம்பெர்க், வ்யுர்ட்ஸ்பர்க் ஆயர்களும் நியூரெம்பெர்க் கோட்டைத் தலைவரும் சேர்ந்து முற்றுகையிட்டபோது, எறிபொறி வீசிய கல் பட்டுக் கொன்ராட் வான் ஷ்ல்யூசல்பெர்க் இறந்தார். அவரோடு அக்குடும்பத்தின் ஆண் வழி அற்றுப்போனது. 1553-இல் ஆல்பிரெக்ட் அல்சிபியாடஸ் என்ற குறுநில மன்னரின் படை நைடெக்கைத் தீக்கிரையாக்கியது. எதிரிலுள்ள ஷ்ட்ரைட்பெர்க் கோட்டையும் அதே போரில்தான் எரிந்தது. குடியிருப்புக் கோபுரத்தின் எஞ்சிய சுவருக்கு அருகே நின்று ஒரு கல்லைக் கூர்ந்து பார்த்தால், சல்லடை போன்ற கடற்பஞ்சின் தடம் அதில் தெரிவதுண்டு. சுவர்மேல் ஏறுவதும் கல்லைப் பெயர்ப்பதும் கூடாது. பழைய சாந்து தோற்றத்தில் உறுதியாக இருந்தாலும் மழையில் இளகியிருக்கும்.

மழை பெய்த மறுநாள் இறக்கத்தில் கவனம் வேண்டும். பலர் நடந்து தேய்ந்த சுண்ணக்கல் ஈரத்தில் சோப்புப் போல வழுக்கும். அதன்மேல் பீச் மரச் சருகு படிந்திருந்தால் கல் எது, வேர் எது என்று தெரியாது. அடிப்பகுதி ஆழமாக வெட்டிய காலணியும் ஊன்றுகோலும் உதவும். சிறு சிறு அடியாக, பாதம் முழுவதும் பதியும்படி இறங்குவது அதைவிட உதவும். புல்வெளி ஓரங்களில் உண்ணிகள் உண்டு, அவை மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடும். முழுக்காற்சட்டை அணிந்து, மாலையில் உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நைடெக்கிலிருந்து முக்கென்டோர்ஃபுக்கு மரங்களில் தீட்டிய நிறக்குறிகளைப் பின்பற்றிச் செல்லலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: பாறையடியில் தென்படும் சிவப்புப் புள்ளி நடைபாதைக் குறியாக இல்லாமல் போகலாம். 1975-இல் கூர்ட் ஆல்பெர்ட் என்ற பாறையேறி, கயிற்றையும் ஆணியையும் பிடித்து இழுக்காமல் கைகால்களாலேயே ஏறி முடித்த வழிகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைக்கத் தொடங்கினார். உலகெங்கும் பாறையேறிகள் வழங்கும் ‘ரெட்பாயின்ட்’ என்ற சொல் இந்த மலைகளில் பிறந்தது. புள்ளியைப் பார்த்து நடந்து, முன்னே செங்குத்துப் பாறை வந்துவிட்டால், திரும்பி முந்தின மரக்குறிக்குப் போய்விடுங்கள்.

முக்கென்டோர்ஃபில் பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் ஓஸ்வால்ட் குகைக்கு ஏறிப் பார்க்கலாம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இந்தக் குகை சுமார் 60 மீட்டர் நீளம். கோடையில் வாயிலை நெருங்கும்போதே குளிர்ந்த காற்று கணுக்காலைத் தொடும். நெற்றியில் கட்டும் விளக்கும் மேற்சட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் குகைகளுக்குள் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நுழையக் கூடாது என்பது ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். எந்தக் குகையானாலும் வாயிலில் உள்ள பலகையைப் படித்துவிட்டே உள்ளே போக வேண்டும். நாள் முழுக்க மழையென்றால் ஷ்ட்ரைட்பெர்கில் 1905-இல் கண்டறியப்பட்ட பிங் குகையை, அது திறந்திருக்கும் பருவத்தில், கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

விபத்து நேர்ந்தால் 112 எண்ணை அழைத்து, அருகிலுள்ள ஊர், கோட்டை அல்லது குகையின் பெயரைச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் கைப்பேசி அலைவரிசை விட்டுப் போகும் இடங்கள் இருப்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து, எபர்மான்ஷ்டட் திசைக்குரிய பக்கத்தில்தான் நிற்கிறோமா என்று பார்த்துக்கொண்டு, வண்டி கண்ணில் பட்டதும் கையைக் காட்டுங்கள். ஆளில்லை என்று நினைத்தால் ஓட்டுநர் நிறுத்தாமல் போய்விடக்கூடும்.