பத்தாண்டு காத்த வெள்ளை ஒயினை ஐந்தே நிமிடத்தில் கொட்டிவிடாதீர்கள்

சென்னையில் ஒயின் சேர்த்துவைக்கத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் யோசனை கேட்டு வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். எங்கள் நண்பர் வட்டம் ஒரு காலத்தில் பட்ட அதே அடிகளை இவர்களும் வரிசையாகப் படுகிறார்கள். சிவப்பு ஒயினைப் பற்றியாவது யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வெள்ளை ஒயினும் பாட்டிலுக்குள் முதிரும், சில வேளைகளில் சிவப்பையே மிஞ்சும் என்று இங்கே எடுத்துச் சொல்ல ஆளில்லை. பரணில் போடாதீர்கள், அடுப்பங்கரையில் வைக்காதீர்கள் என்பதைக் கத்திரி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துவைப்பது

நாசிக்கிலிருந்து வரும் வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகச் செய்யப்படுபவை. அவற்றின் அழகே அந்த இளம் மணம்தான். வைத்திருந்தால் மணம் போய் வெறும் புளிப்பு நிற்கும். காத்திருக்கத் தகுந்தவை புளிப்பும் சாரமும் செறிந்த ஒயின்கள்: ஜெர்மனியின் ரீஸ்லிங், பிரான்ஸில் வூவ்ரே பகுதியின் செனின் பிளாங்க், ஆஸ்திரேலியாவில் ஹன்டர் பள்ளத்தாக்கின் செமியோன். மூன்றுமே திராட்சை வகைகளின் பெயர்கள். இந்தச் செமியோன் ஓர் அதிசயம். திராட்சையைச் சீக்கிரமே பறித்து, மரப்பீப்பாய் படாமல், 10 அல்லது 11 சதவீத ஆல்கஹாலோடு செய்கிறார்கள். இளமையில் சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு போல ஒன்றும் பிடிபடாமல் இருக்கும். பத்தாண்டு கழித்துத் திறந்தால் தேனும் வாட்டிய ரொட்டியும் மணக்கும். பீப்பாயையே பார்க்காத ஒயினுக்கு அந்த ரொட்டி மணம் பாட்டிலுக்குள்ளிருந்தே வருகிறது.

இரவில் மட்டும் ஓடும் ஏசி

இரவில் 24 டிகிரி, பகலில் 34 டிகிரி. திரவம் தினமும் விரிந்து சுருங்கும். கார்க் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, அந்த வழியே காற்று நுழையும். 12, 13 டிகிரியில் நிலையாக நிற்கும் ஒயின் கூலர் வாங்க முடியவில்லை என்றால் சேமிப்பைத் தொடங்கவே வேண்டாம்.

மின்தடையின்போது கூலரைத் திறந்து பார்ப்பது

திறக்காதீர்கள்.

வாடைக்குப் பயந்து கொட்டிவிடுவது

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதுதான்.

அடையாறில் ஒரு தம்பி இருக்கிறார். அடிலெய்டில் வாழும் அவருடைய அக்கா ஊருக்கு வந்தபோது ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் விளைந்த ரீஸ்லிங் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வரி கட்டாமல் ஒரு பயணி கொண்டுவரக்கூடிய மதுவே 2 லிட்டர்தான். அதில் தம்பிக்காக இடம் ஒதுக்கியிருக்கிறார். தம்பியும் அதைப் பல ஆண்டுகள் பொறுப்பாகக் கூலரில் காப்பாற்றினார். திருமண நாளன்று திறந்து கோப்பையில் ஊற்றியதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நிறமும் பொன்னாக மாறியிருந்தது. “கெட்டுப்போச்சு அண்ணா, சிங்க்கில் கொட்டிவிட்டேன்” என்று போனில் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை அளவு மிச்சமிருந்தது. அதைக் கோப்பையில் ஊற்றி மேசையில் வைத்தோம். முக்கால் மணி நேரத்தில் அந்த வாடை பின்வாங்கியது. முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு தேன், கடைசியாக வாட்டிய ரொட்டி என ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரு மடக்கு குடித்ததும் நாக்கின் இரு ஓரங்களிலும் நீர் ஊறியது. அவருடைய மனைவியும் ஒரு மடக்கு குடித்துவிட்டு, எதுவும் பேசாமல் சிங்க்கைப் பார்த்தார்.

முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வருவது இயல்பு. திராட்சையிலுள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து, ஆண்டுகள் போகப் போக டிடிஎன் என்ற சேர்மம் உருவாகிறது. வெயில் நன்றாகப் பட்டு விளைந்த பழமென்றால் அது இன்னும் கூடுதலாக இருக்கும். ஆகவே அந்த வாடையை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

உண்மையிலேயே கெட்டதற்கு அடையாளங்கள் வேறு. பொன்னிறம் நல்லது, ஒளியிழந்த பழுப்பு கெட்டது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் மணமோ வினிகர் நெடியோ வந்தால் காற்று புகுந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் கார்க்கில் பழுது. கொளுத்திய தீக்குச்சியின் வாடை மட்டுமென்றால் பொறுங்கள், பெரும்பாலும் போய்விடும். அடியில் படியும் படிகங்களைக் கண்ணாடித் தூள் என்று நினைத்துக் கொட்டியவர்களும் உண்டு. அவை டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கில்லாதவை. சில்லென்று எடுத்த உடனே முகராதீர்கள், 12 டிகிரி வரை ஏறட்டும். ஒரு மணி நேரம் கொடுங்கள். காற்றுப் பட்டு மேலும் மோசமானால் அது செத்த ஒயின். மணம் விரிந்துகொண்டே வந்தால் நீங்கள் இத்தனை ஆண்டு காத்தது அதற்காகத்தான்.

மிளகாய்த்தூள் அப்பிய வஞ்சிர வறுவலோடு பரிமாறுவது

காரம்தான் மிஞ்சும். ஆப்பம், தேங்காய்ப்பாலில் வெந்த இறால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பாட்டில் வாங்குவது

கார்க் உள்ளே விடும் காற்றின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஒரே பெட்டியில் அடுத்தடுத்துக் கிடந்த இரண்டில் ஒன்று தேனாக மணக்கும், மற்றது உயிரற்றுக் கிடக்கும். 1990களின் நடுப்பகுதி தொடங்கி பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் விலையுயர்ந்த வெள்ளை ஒயின்களிலேயே இந்தத் தலைவலி பெரிதாகக் கிளம்பியது. நீண்ட காலம் நிற்க வேண்டியவை சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிப் போயின. கார்க்கின் தொல்லை தாங்காமல்தான் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் 2000ஆம் ஆண்டு அறுவடையில் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவது அறியாமை.

முடிந்தால் ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்குங்கள். முதலாவதை ஐந்தாம் ஆண்டில் திறங்கள். அப்போது வாயை இறுக்கும் புளிப்பு மட்டும் இருந்து மணமே எழவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். நடுவயதில் இப்படி ஊமையாகிக் கிடக்கும் ஒயின்கள் உண்டு. இரண்டாவதற்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டு கொடுங்கள். அதில் தேன் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தால், மூன்றாவதை எப்போது திறப்பது என்பதை யாரிடமும் கேட்காமல் நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.