பராமரிப்பிலிருந்து வெளிவந்த இளையோருக்குக் கவுன்சில் வரித் தள்ளுபடி: விண்ணப்பிக்கும் முறை

இந்தப் பதிவு இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கானது. சிறுவயதில் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பில், ஃபாஸ்டர் எனப்படும் வளர்ப்புப் பெற்றோர் வீட்டிலோ சிறுவர் இல்லத்திலோ வளர்ந்து, பதினெட்டு வயதுக்குப் பின் தனியாகக் குடியேறும் பிள்ளைகளுக்குப் பல கவுன்சில்கள் 25 வயது நிறையும் வரை கவுன்சில் வரியைக் குறைக்கின்றன அல்லது முழுவதுமாகத் தள்ளுபடி செய்கின்றன. பெற்றோர் துணையின்றி இலங்கையிலிருந்து வந்து புகலிடம் கேட்ட தமிழ்ப் பிள்ளைகளும், கவுன்சில் அவர்களைப் பொறுப்பேற்று வளர்த்திருந்தால், இதற்குள் அடங்குவர். எங்கள் வீட்டில் வளர்ந்த தம்பிக்கு முதல் பில் வந்த பிறகுதான் எங்களுக்கே இது தெரிந்தது.

ஸ்கொட்லாந்தில் 2018 ஏப்ரல் முதல் 26ஆவது பிறந்தநாள் வரையும், வேல்ஸில் 2019 ஏப்ரல் முதல் 25ஆவது பிறந்தநாள் வரையும் இந்த விலக்கு நாடு முழுவதற்குமான சட்டமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் அவ்வாறு இல்லை. 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் உள்ள 13ஏ(1)(சி) என்ற பிரிவு, ஒரு கவுன்சில் தான் தகுந்தது என்று கருதும் அளவுக்கு வரியைக் குறைக்கலாம் என்ற அதிகாரத்தை மட்டும் தருகிறது. ஆகவே பக்கத்துக் கவுன்சிலில் இருக்கும் நண்பருக்குக் கிடைத்தது உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

முதலில், பில் உங்கள் பெயரில்தான் வர வேண்டுமா என்று பாருங்கள். அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் வரி கட்ட வேண்டியவர் வீட்டு உரிமையாளரே. முழுநேர மாணவர்கள் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. இந்த இரண்டில் ஒன்று பொருந்தினால் தொடர்ந்து வாசிக்கத் தேவையில்லை.

படி 1: இரண்டு கவுன்சில்களையும் அடையாளம் காணுங்கள்

உங்களை வளர்த்த கவுன்சில் ஒன்று, இப்போது உங்களுக்குப் பில் அனுப்பும் கவுன்சில் இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் வேலை எளிது. கென்ட், சரே, எசெக்ஸ் போன்ற இடங்களில் பிள்ளைகளைப் பராமரிப்பது கவுண்டி கவுன்சில், வரி வசூலிப்பதோ அதன் கீழுள்ள மாவட்டக் கவுன்சில். அதனால் வீடு மாறாமல் ஒரே ஊரில் இருந்தாலும் இரண்டு அலுவலகங்களோடு பேச வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், சில கவுன்சில்கள் தாங்கள் வளர்த்த பிள்ளைகளுக்கு மட்டுமே தள்ளுபடி தருகின்றன; சில, எங்கு வளர்ந்தவராயினும் தம் எல்லைக்குள் வசித்தால் தருகின்றன; வேறு சில, தாம் வளர்த்த பிள்ளை வெளியூரில் வசித்தால் அங்கு வரும் பில்லுக்கான பணத்தைத் தாமே கொடுக்கின்றன. ஆகவே ஒரு கவுன்சில் இல்லை என்று சொன்னால் மற்றக் கவுன்சிலிடமும் கேட்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் பராமரிப்பிலிருந்து வெளிவருவோருக்குத் தான் செய்யும் உதவிகளை லோக்கல் ஆஃபர் என்ற பெயரில் வெளியிட வேண்டும். இரு கவுன்சில்களின் லோக்கல் ஆஃபரையும் எடுத்து, வரி பற்றிய பத்தியை மட்டும் வாசியுங்கள்.

படி 2: கடிதம்

முழு விண்ணப்பமும் தங்கியிருப்பது இந்த ஒரு தாளில்தான். வரிப் பிரிவில் இருப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. சிறுவர் பிரிவின் கோப்புகளை அவர் பார்க்கவும் முடியாது. பராமரிப்பிலிருந்து வெளிவந்தவருக்கு உதவ, வளர்த்த கவுன்சில் நியமிக்கும் பர்சனல் அட்வைசரிடம் (எல்லோரும் பி.ஏ. என்று அழைப்பவர்) கேட்டால் அவர் கடிதம் தருவார். ஆனால் "இவர் எங்கள் பராமரிப்பில் இருந்தவர்" என்று ஒற்றை வரியில் தரும் கடிதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எங்களுக்கு முதலில் கிடைத்தது அப்படிப்பட்ட கடிதம்தான். வரிப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பியது.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: முழுப் பெயர், பிறந்த தேதி, இப்போதைய முகவரி, பராமரிப்பு தொடங்கிய தேதி, முடிந்த தேதி. அவற்றோடு, 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 23சி பிரிவின்படி இவர் "ஃபார்மர் ரெலவன்ட் சைல்ட்" என்ற வாக்கியமும் வேண்டும். 14 வயதுக்குப் பின் மொத்தம் 13 வாரங்களாவது பராமரிப்பில் இருந்து, அதில் ஒரு பகுதியாவது 16 வயதுக்குப் பின் அமைந்திருந்தால் இந்த நிலை பொதுவாக ஒருவருக்கு உண்டு. வரிப் பிரிவு தேடுவது இந்தச் சொற்றொடரைத்தான். அகதிப் பிள்ளைகள் பலருக்கு வயது மதிப்பீடு நடந்திருக்கும். கடிதத்தில் உள்ள பிறந்த தேதியும் குடிவரவு ஆவணத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அனுப்புவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குப் பதிலாக, பராமரிப்புக்குப் பிந்தைய வாழ்க்கைக்காகக் கவுன்சில் எழுதித் தரும் திட்டமான பாத்வே பிளானை அனுப்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் உடல்நலம், குடும்பம், பழைய துயரங்கள் என எல்லாமே எழுதப்பட்டிருக்கும், வரி அலுவலர் அதைப் படிக்க எந்தத் தேவையும் இல்லை. பி.ஏ. இல்லையென்றாலோ தொடர்பு விட்டுப்போயிருந்தாலோ, உங்களை வளர்த்த கவுன்சிலின் லீவிங் கேர் அணிக்கு நேரே எழுதுங்கள். 25 வயது வரை பி.ஏ. உதவி கேட்கும் உரிமை சட்டப்படியே உண்டு.

படி 3: மற்றச் சலுகைகளை முதலில் கேளுங்கள்

பெரும்பாலான கவுன்சில்கள் மற்றச் சலுகைகள் போக எஞ்சும் தொகைக்கே இந்தத் தள்ளுபடியைக் கணக்கிடுகின்றன. தனியாக வசித்தால் 25 சதவீதக் கழிவு உண்டு. வருமானம் குறைவு என்றால் கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன் கேட்கலாம். குறைந்த வருமானத்தவருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் இது அடங்காது, கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும்: தனியாக வசிப்போருக்கான கழிவு பொது நிதியில் சேராது, ரிடக்‌ஷன் சேரும். எனவே சட்டத்தரணியிடம் கேட்காமல் அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

படி 4: அனுப்புதல்

இணையப் படிவம் இருந்தாலும் நான் மின்னஞ்சலையே விரும்புகிறேன். அனுப்பிய நாளும் அனுப்பிய தாள்களும் அதில் பதிவாக இருக்கும். பொருள் வரியில் பில்லில் உள்ள கணக்கு எண்ணை எழுதி, 13ஏ(1)(சி) பிரிவின் கீழ் குறைப்புக் கோருவதாக முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கடிதத்தைத் தொலைபேசியின் ஸ்கேன் வசதியால் ஒரே பிடிஎஃப் கோப்பாக ஆக்குங்கள். விளிம்பு மடங்கிய புகைப்படங்கள் வேண்டாம். குடியேறிய நாள் முதலே கணக்கிடும்படியும் கேளுங்கள், ஏனெனில் முன்தேதியிட்டுத் தருவதும் கவுன்சிலின் விருப்பத்தைப் பொறுத்ததே.

படி 5: காத்திருக்கும் காலம்

விண்ணப்பித்த பிறகும் சட்டத்தின் பார்வையில் பில் நிலுவைதான். தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதற்கு ஏழு நாட்களில் பணம் கட்டாவிட்டால் ஆண்டுத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம், அடுத்து மஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணையும் அதற்கான செலவும் வரும். முடிவு வரும் வரை வசூல் நடவடிக்கையை நிறுத்தி வைக்கும்படி அதே மின்னஞ்சலில் கேட்டு, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "சரி, போட்டுவிட்டோம்" என்று சொல்வதை நம்பியிருக்க வேண்டாம்.

மறுத்தால், காரணம் கேட்டு எழுத்து மூலம் முறையிடுங்கள். கவுன்சில் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றால் பதில் வந்த இரண்டு மாதத்துக்குள்ளும், பதிலே வராவிட்டால் நீங்கள் முதலில் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள்ளும் கவுன்சில் வரி மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான இங்கிலாந்தின் வேல்யுவேஷன் டிரிபியூனலுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை.

பிற்சேர்க்கை: பதிவு வெளியான பின் ஃபாஸ்டர் பெற்றோர் ஒருவர் கேட்டிருந்தார், பிள்ளை 18 வயதுக்குப் பின்னும் ஸ்டேயிங் புட் ஏற்பாட்டில் தம்முடனேயே இருந்தால் தம்முடைய 25 சதவீதக் கழிவு என்னவாகும் என்று. பிள்ளை முழுநேரமாகக் கல்லூரியில் படித்தால் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், கழிவு தொடரும். வேலைக்குப் போனால் இரண்டாவது பெரியவராகக் கருதப்படுவார், கழிவு போய்விடும். சில கவுன்சில்கள் அந்த இழப்பை ஈடுசெய்கின்றன. இதையும் லோக்கல் ஆஃபரில் தேடுங்கள்.

இரண்டாவது பிற்சேர்க்கை, துணையுடன் வசிப்போருக்கு: கணவன் மனைவி இருவரும் முழு வரிக்கும் சேர்ந்தே பொறுப்பு. ஒருவர் மட்டும் பராமரிப்பில் வளர்ந்தவர் என்றால் சில கவுன்சில்கள் முழு பில்லையும் தள்ளுபடி செய்கின்றன, சில பாதியை மட்டுமே. விண்ணப்பத்தில் துணையின் பெயரை விட்டுவிடாதீர்கள். பின்னர் தெரியவந்தால் கொடுத்த தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பார்கள்.