ஐந்து நட்சத்திர வீரரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரிக்குப் போகவிருக்கும் பள்ளி வீரர்களை 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற தளங்கள் நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கின்றன. உச்சத் தரமான ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்குச் சுமார் 30 பேருக்குத்தான் கிடைக்கும். அவர்களில் ஒருவர் சோபிக்காவிட்டால் "இந்தத் தரவரிசையே சும்மா" என்று ரசிகர்கள் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அந்த அவசரம் பல நல்ல வீரர்களுக்கு அநியாயம் செய்கிறது.

எல்லோரும் செய்கிற பெரிய தவறு, தலையை மட்டும் எண்ணுவது. ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திர வீரர். ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. இருவரும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் கொடிகட்டினார்கள், உண்மைதான். ஆனால் இரண்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஐந்து நட்சத்திரக்காரர் 30 பேரில் 10 பேரும், மற்றவர்கள் 2000 பேரில் 40 பேரும் ஜெயித்தார்கள் என்று வையுங்கள். எண்ணிக்கையில் 40 பெரிது. வாய்ப்பாகப் பார்த்தால் முதல் கூட்டத்தில் மூன்றில் ஒருவர், இரண்டாவதில் ஐம்பதில் ஒருவர். விகிதத்தைப் பார்க்காமல் பேசும் பேச்சு எதற்கும் உதவாது.

அடுத்தது அவசரம். டெரிக் ஹென்றி 2013-இல் ஐந்து நட்சத்திரத்தோடு அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த சீசனில் பந்தை ஏந்தி ஓட அவருக்குக் கிடைத்தது வெறும் 35 முறை. 2015-இல் 2,219 கெஜம் ஓடி, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார். தாக்குதல் வரிசையில் நிற்கும் கனத்த வீரர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். 18 வயது உடம்பு, 22 வயதுக்காரர்களை முட்டித் தள்ள இரண்டு மூன்று வருஷம் ஆவது சாதாரணம்.

சரி, எந்த அளவுகோலால் அளப்பது? 247ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரத்தை என்எஃப்எல் டிராஃப்டின், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வின், முதல் சுற்றை மனதில் வைத்தே தருகிறது. அந்தச் சுற்றில் 32 இடங்கள். கல்லூரி ரசிகருக்கோ கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமை வெற்றிதான் முக்கியம். டிம் டீபோ ஃபுளோரிடாவில் 2007-இல் ஹைஸ்மன் வாங்கினார், இரண்டு தேசியப் பட்டம் வென்ற அணிகளில் இருந்தார், 2010-இல் முதல் சுற்றிலேயே தேர்வானார். என்எஃப்எல்லில் நிலைக்கவில்லை என்பதற்காக அவரை ஏமாற்றம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் என்றால் களத்தில் ஒரே ஒரு இடம்தான் என்பதையும் மறந்துவிடுகிறோம். 2018-இல் நாட்டின் உச்ச வீரர்களில் ஒருவராக ஜார்ஜியாவுக்குப் போன குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், அங்கே ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த ஜேக் ஃபிராமுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுவருஷம் ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே டச்டவுன் என்ற புள்ளியைத் தேடித்தந்த பாஸ் 41 வீசி, மூன்றே மூன்று பந்துகளைத்தான் எதிரணியிடம் பறிகொடுத்தார். அவரைத் தரம் பிரித்தவர்கள் சரியாகத்தான் கணித்தார்கள். கைநழுவவிட்டது ஜார்ஜியா. வீரரின் தரம், கல்லூரியின் முடிவு என்ற இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுத வேண்டும்.