மலைக்கும் ஊருக்கும் ஒரே வண்டி: போடியிலிருந்து ஒரு செய்முறை

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கேரளத்தின் பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் போகும் வண்டிகள் அவை. பகலெல்லாம் கல்பாதையில் உழைத்துவிட்டு மாலையில் இறங்கும். இரவில் அதே வண்டியில் ஒரு குடும்பம் திருமணத்துக்குப் போகும். காட்டுப்பாதைக்கும் அன்றாடத்துக்கும் பொருந்தும் வண்டி வேண்டுமென்று நினைப்பவர்கள் முதலில் இந்த ஜீப்புகளைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். ஆளுயரச் சக்கரமோ வரிசை விளக்குகளோ அவற்றில் இருக்காது.

எங்களுக்குச் சாந்தம்பாறைக்கு மேலே சிறிய ஏலத்தோட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே, மற்ற ஆறு நாளும் தேனியில் வேலை, பிள்ளைகளின் பள்ளி, சந்தை. ஆறு நாள் ஓடும் சாலையைத்தான் முதலில் மனத்தில் வைத்து வண்டியைத் தயார் செய்ய வேண்டும் என்பதை நான் பணம் செலவழித்த பிறகே புரிந்துகொண்டேன். நீங்கள் அதை முன்பே தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

முதல் படி: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு விஷயங்கள் கட்டாயம் வேண்டும். தனி இரும்புச் சட்டத்தின் (சேஸி) மேல் உடல் பொருத்தப்பட்ட அமைப்பு ஒன்று, மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் லோ கியருடன் கூடிய நான்கு சக்கர இயக்கம் மற்றொன்று. மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா, 2023-இல் வந்த ஜிம்னி ஆகியவை இந்த வகை. பழைய வண்டி வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2010-இல் வந்த முதல் தலைமுறைத் தாரில் இரு சக்கர இயக்க வகையும் விற்கப்பட்டது. பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். பிறகு கீழே குனிந்து, முன் அச்சுக்கும் அதைச் சுழற்றும் தண்டு போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

குனிந்தபடியே சட்டத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மலைக்கு மேற்கே மழையில் கிடந்த வண்டிகளில் துரு உள்ளிருந்து வரும். சட்டத்தில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும், காய்ந்த தார்ச்சாலையில் கூடாது. நான் மேலே சொன்ன வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாததால் முறுக்கமெல்லாம் கியர்களிலும் தண்டுகளிலும் ஏறும். ஸ்டியரிங் இறுகி வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் காரணம் இதுதான். அன்றாடத்துக்கு இரு சக்கர இயக்கம். மண் தொடங்கும் இடத்தில் நான்கு. இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் வண்டியின் ஆயுள் கூடும்.

இரண்டாம் படி: இருப்பதைச் சரிசெய்வது

வாங்கியவுடன் கடைக்குப் போய்ப் புதிய பாகங்களைத் தேடாதீர்கள். முதல் பணம் பிரேக்குக்குப் போகட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். போடிமெட்டிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த ஆயில் கொதித்து, மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். பழைய வண்டியென்றால் உடனே மாற்றுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

ஸ்டியரிங் ஆட்டம், பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ்கள், ரேடியேட்டர் குழாய்கள், எல்லா ஆயில்களும் இந்தப் படியிலேயே முடியட்டும்.

மூன்றாம் படி: டயர்

இந்தச் செய்முறையில் உங்கள் பணத்துக்கு அதிகப் பலன் தருவது டயர்தான். சேற்றுக்கான பெரிய கட்டை டயர் பார்க்க அழகு. ஆனால் கட்டைகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. ஜூன் மாதம் போடியில் வெயில் காயும். போடிமெட்டைத் தொட்டதும் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் எதிரே நிற்கும். அந்த நனைந்த தார்ச்சாலையில் கட்டை டயர் பிரேக் பிடிக்க அதிக தூரம் எடுத்துக்கொள்ளும். ஆல் டெரெய்ன் எனப்படும் இடைப்பட்ட வகை நமக்குப் போதும்.

அளவை மாற்ற ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தலைமுறைத் தாரின் 235/70 ஆர் 16 டயரின் குறுக்களவு ஏறத்தாழ 735 மி.மீ. அதை 245/75 ஆர் 16 ஆக்கினால் 774 மி.மீ. அச்சுக்குக் கீழே உங்களுக்குக் கூடுவது இதில் பாதி, 2 செ.மீ.கூட இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை: எல்லா கியர்களும் 5 விழுக்காடு நீண்டு ஏற்றத்தில் இழுவை குறையும், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் ஓடும். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே நல்ல டயர் வாங்குங்கள்.

அந்த டயரிலிருந்து கூடுதல் பிடிமானம் வாங்க இலவச வழி ஒன்று இருக்கிறது: காற்றைக் குறைப்பது. தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் நான் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குகிறேன். டயர் தரையில் நீளமாகப் படிந்து, கூர்மையான கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். வண்டிக்குள் குலுக்கலும் குறையும். ஆனால் அந்தக் காற்றோடு மெதுவாகத்தான் போக வேண்டும். தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடேறும், திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழலவும் கூடும். ஆகவே பேட்டரியில் நேரடியாக மாட்டும் சிறிய காற்றடிப்பானும் காற்றழுத்த அளவியும் கட்டாயம் வேண்டும். தார்ச்சாலை தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கமான் பட்டையும் உயரமும்

ஏலக்காய் மூட்டைக்காகப் பின்னால் ஒரு கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) கூடுதலாகப் போடச் சொன்னேன். பட்டறை அண்ணன் தயங்கினார். “தம்பி, மூட்டை வருவது பருவத்தில்தானே? மற்ற நாளெல்லாம் வெறும் வண்டி ஓட வேண்டுமே” என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த வாரமே, ஈரமான கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பின்பக்கம் துள்ளி, ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தது. பின்இருக்கையில் என் மகள் இருந்தாள். மறுநாள் காலை பட்டையைக் கழற்றிவிட்டேன்.

விறைப்பான ஸ்பிரிங் இருந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது, அந்தரத்தில் நிற்கும். தரையைத் தொடாத சக்கரத்தால் இழுக்க முடியாது. நல்ல தரமான ஷாக் அப்சார்பரையும் புதிய புஷ்களையும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியை உயர்த்தினால் எடைமையம் மேலேறும், தண்டுகளின் கோணம் மாறும். வளைவில் சாயும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஐந்தாம் படி: சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக் காப்புக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் நடந்து செல்பவரை அது கொன்றுவிடும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

ஆறாம் படி: சிக்கினால் மீள்வது

வண்டியின் இரும்புச் சட்டத்தோடு நேரடியாக போல்ட் போட்ட கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றை அதில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டுபோல் பறந்து ஆளைக் கொல்லும். இழுக்கும்போது கயிற்றருகே யாரும் நிற்கக் கூடாது. மண்வெட்டி, அரிவாள், ஜாக்கி, சேற்றில் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். வேறெதையும் ஏற்றி எடையைக் கூட்டாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குக் கரடுமுரடான பாதை கொண்ட கொழுக்குமலை வேண்டாம். அங்கே போக விரும்பினால் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்பில் பயணியாக உட்கார்ந்து, ஓட்டுநர் எந்தக் கல்லின் மேல் சக்கரத்தை ஏற்றுகிறார், எதைத் தவிர்க்கிறார் என்று பாருங்கள். உங்கள் வண்டிக்குத் தெரிந்தவர் தோட்டத்துப் பாதை போதும். கூட இன்னொரு வண்டி வரட்டும்.

திரும்பி வந்த இரவே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஓடையில் இறங்கியிருந்தால் அச்சுகளில் உள்ள டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். சக்கர நட்டுகளை இறுக்கி, டயர்க் கட்டைகளில் சிக்கிய கற்களை எடுத்துவிட்டு, லீவர் இரு சக்கர இயக்கத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் பள்ளிக்கு எட்டரை மணிக்குள் போக வேண்டும்.