வயசு போன நாயை வீட்டில் பராமரிப்பது எப்படி?

எங்கள் கறுப்பிக்கு இப்போது 13 வயது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஊர் நாய். போன வருடம் திடீரென்று சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகத் தொடங்கினாள். "வயசு போனா மறுகா அப்படித்தான் மனே" என்றார் அம்மா. நானும் நம்பி இரண்டு கிழமை சும்மா இருந்துவிட்டேன். மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தபோது பின்கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு அழுகிப் போயிருந்தது. பல்லைப் பிடுங்கிய சில நாளில் பழையபடி தட்டை நக்கினாள். முதுமைதானே என்று நாம் கைவிடுவதில் பாதிக்கு மருந்து இருக்கிறது. நடுத்தர அளவு நாய் எட்டு வயதைத் தாண்டினால் கீழே சொல்வதைத் தொடங்கலாம். பெரிய சாதி நாய்களுக்கு ஆறேழு வயதிலேயே முதுமை வந்துவிடும்.

1. ஒரு கிழமை கவனித்து எழுதுங்கள்

சுவரில் தொங்கும் கலண்டர் போதும். நாய் அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் சரி. நாலைந்து தடவை எண்ணியும் மேலேயே நின்றால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். காலையில் ஒன்றரை லீற்றர் போத்தலால் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் மிச்சத்தை அளந்து கழியுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் கவனம். 12 கிலோ நாய்க்கு அது 1.2 லீற்றர். கச்சான் என்கிற சூடான வரண்ட காற்று வீசும் நாட்களில் எல்லா நாயும் கூடுதலாகத்தான் குடிக்கும். ஆனால் மாரியிலும் அப்படியென்றால் சிறுநீரகம், நீரிழிவு என்று சோதிக்க வேண்டியிருக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய் சூடு (இணைசேரும் பருவம்) முடிந்து சில கிழமைகளில் இப்படித் தண்ணீர் குடித்து, சோர்ந்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில நேரம் சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும், அது இன்னும் ஆபத்து.

2. கையால் தடவிப் பாருங்கள்

கிழமைக்கு ஒருமுறை, தலையிலிருந்து வால் வரை. புதுக் கட்டி, புண், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. கறுப்பிக்கு இது சோதனை என்றே தெரியாது, மல்லாந்து படுத்துவிடுவாள். முரசு (பல் ஈறு) இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம். கண்மணி நீலம் பாரித்தால் உடனே குருடு என்று பயப்பட வேண்டாம், வயதில் அப்படி மங்குவது வழமை. பால் போல வெளுத்தால் காட்டுங்கள்.

3. தரையைச் சரிசெய்யுங்கள்

மாபிள் தரைதான் கிழட்டு நாய்க்குப் பெரிய எதிரி. எழும்பப் போகும், பின்னங்கால் வழுக்கும், பிறகு எழும்பவே பயப்படும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை பழைய பாயோ சாக்கோ விரித்து, விளிம்பில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். நடை குறைந்தால் நகம் தேயாது. தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. படுக்கைக்கு வைக்கோலை விடத் தடித்த ஸ்பொஞ்ச் நல்லது, முழங்கை புண்ணாகாது. மாரியில் அதை ஈரம் படாத உயரத்தில் போடுங்கள். பார்வை மங்கியிருந்தால் கதிரை, மேசையை இடம் மாற்றாதீர்கள்.

4. சாப்பாடு

எங்கள் வீட்டில் மாற்றக் கஷ்டப்பட்டது இதைத்தான். மிஞ்சின சோற்றோடு மீன் குழம்பைப் பிசைந்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். குழம்பில் உப்பு, தூள், வெங்காயம் எல்லாம் இருக்கிறது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கறி வைக்குமுன் இரண்டு துண்டு மீனைத் தனியே எடுத்து, வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றோடும் கொஞ்சம் பூசணியோடும் பிசைந்து வையுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அவித்த கோழி எலும்பு வேண்டாம், கூராக உடையும். விலா எலும்பு தடவினால் தட்டுப்பட வேண்டும், பார்வைக்குத் துருத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு வைத்தியர் சொல்லும் சாப்பாடே சாப்பாடு.

5. மருந்தும் வைத்தியரும்

நொண்டுகிறது என்று பனடோல் (பரசிற்றமோல்) உடைத்துக் கொடுக்காதீர்கள். அளவு கூடினால் ஈரல் கெடும். நாம் விழுங்கும் வலிமருந்துகளான இபுபுரோபன், டைக்குளோபெனக் இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டு வாதத்துக்கு நாய்க்கென்றே வலிமருந்து உண்டு.

வீட்டில் நொண்டும் நாய், வைத்தியரின் மேசையைக் கண்டதும் பயத்தில் நேராக நடந்து காட்டும். கறுப்பி இந்த நாடகத்தை இரண்டு தடவை ஆடியிருக்கிறாள். காலையில் எழும்பும்போது போனில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போங்கள், கலண்டரில் எழுதியதையும் சொல்லுங்கள். வீட்டோடு கிடக்கிற கிழட்டு நாய்தானே என்று விசர்நாய்த் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள்.

6. நடை

காது கேட்காத நாயைப் பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக் கூடும். முன்னால் வந்து முகம் காட்டிவிட்டுக் கயிற்றை எடுங்கள். வெயில் ஏறுமுன், பிறகு அந்தி நேரம், பத்து நிமிடம் போதும். கடற்கரைக்குப் போனால் அலை நனைத்து இறுகின மணலில் நடத்துங்கள், புதையும் மணல் மூட்டுக்கு ஆகாது.

கறுப்பி முன்பு பாலம் வரை இழுத்துக்கொண்டு ஓடுவாள். இப்போது ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுப் படலை வரைதான். அதன் தூணை நிதானமாக மோந்து முடித்து, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அவளே திரும்புவாள்.