உங்கள் ரெஸ்யூமேதான் கேள்வித்தாள்: இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி மூன்றாம் ஆண்டில் நான் போன முதல் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ பதினோரு நிமிடத்தில் முடிந்துபோனது. ரெஸ்யூமேயில் ‘எக்செல் – அட்வான்ஸ்டு’ என்று போட்டிருந்தேன். எதிரில் இருந்தவர் அந்த வரியில் பேனாவை வைத்து, “வி-லுக்கப் எர்ரரே காட்டாமல் தப்பான விடை எப்போது தரும்?” என்று கேட்டார். நான் முழித்தேன். இரண்டு மணி நேர வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதிய வரி அது. (வி-லுக்கப் என்பது ஒரு டேபிளில் ஒரு மதிப்பைத் தேடி, அதே வரியில் உள்ள வேறொரு விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் ஃபார்முலா. அதில் கடைசியாக வரும் நான்காவது இடத்தை எழுதாமலே விட்டால், எக்செல் சரியாகப் பொருந்துவதைத் தேடாது, தோராயமாகப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். டேபிளின் முதல் நெடுவரிசையில் உள்ளவை வரிசைப்படி இல்லாவிட்டால் ஏதோ ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் இருந்துவிடும்.) அவர் கோபப்படவில்லை. “அப்போ அட்வான்ஸ்டுன்னு ஏன் போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பிறகு சில வருடங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மாணவர்களிடம் கேள்வி கேட்கும் வேலை எனக்கே வந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறவருக்கு வேலை தெரியாது என்பது கேட்பவருக்கு நன்றாகவே தெரியும், தெரிந்திருந்தால் எதற்கு இன்டர்ன்ஷிப்? அவர் பார்ப்பது வேறு. எழுதியிருப்பது உண்மையா, தெரியாத ஒன்று வந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும், ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளுமா. இந்த மூன்றையும் சோதிக்க அவர் தனியாக வினாத்தாள் தயாரிப்பதில்லை. நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேதான் வினாத்தாள். உலகத்திலேயே கேள்விகளை நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிற ஒரே பரீட்சை இதுதான், ஆனால் பாதிப் பேர் தோற்பதும் இதில்தான்.

ஆகவே முதல் தவறு, பக்கத்தை நிரப்புவது. பைதான், ஜாவா, சி++, டிசைன், வீடியோ எடிட்டிங், டீம் லீடர்ஷிப் என்று பதினைந்து திறமைகளை வரிசையாக அடுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எதை வேண்டுமானாலும் அவர் தொடலாம், நீங்கள் போன செமஸ்டருக்குப் பிறகு தொடாத சி++-ஐத்தான் தொடுவார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மாணவி, நல்ல மதிப்பெண், தெளிவாகவும் பேசினார். ப்ராஜெக்டில் ‘ஸ்பேம் மெயில்களைக் கண்டுபிடிக்கும் மாடல், 98% துல்லியம்’ என்று இருந்தது. “உங்க டேட்டாவில் மொத்தம் எத்தனை மெயில், அதில் எத்தனை ஸ்பேம்?” என்று கேட்டேன். கஷ்டமான கேள்வியே இல்லை. ஆனால் அவர் அதைப் பார்த்ததே இல்லை. இதில் என்ன சிக்கல் என்றால், 1000 மெயிலில் 20 மட்டும் ஸ்பேம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த மெயில் வந்தாலும் ‘இது ஸ்பேம் இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஒரு வரி ப்ரோக்ராமுக்கும் 98% துல்லியம் கிடைத்துவிடும். ஒரு ஸ்பேமைக்கூடப் பிடித்திருக்காது. ப்ரிசிஷன் (ஸ்பேம் என்று மாடல் சொன்னதில் எத்தனை நிஜமாகவே ஸ்பேம்) என்றால் என்ன, ரீகால் (இருந்த ஸ்பேமில் எத்தனையை மாடல் பிடித்தது) என்றால் என்ன என்று கேட்டால் அந்த மாணவி புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார். ஆனால் இரண்டையும் தன் மாடலுக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. ‘என் டேட்டாவில் ஸ்பேம் குறைவு, அதனால் இந்த 98-ஐ நானே நம்பவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு வந்தவர்களில் அவர்தான் முதல்.

இதற்கு மருந்து எளிது. ஆனால் ஒரு மாலை முழுக்கத் தேவைப்படும். ரெஸ்யூமேயைப் பிரின்ட் எடுத்து ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை ஏன் இப்படிச் செய்தேன், வேறு எப்படிச் செய்திருக்கலாம், இதில் எது சொதப்பியது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத ப்ராஜெக்ட் பெரும்பாலும் நீங்கள் செய்யாத ப்ராஜெக்ட். பதில் வராத வரியை ஒன்று படித்துச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். பாதிப் பக்கம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

குழுவாகச் செய்த ப்ராஜெக்டில் வேறொரு வம்பு இருக்கிறது. ‘நாங்கள் டிசைன் பண்ணினோம், நாங்கள் டெஸ்ட் பண்ணினோம்’ என்று மூச்சுக்கு மூச்சு ‘நாங்கள்’ போடுவார்கள். அடக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்பவருக்கு அந்த நாலு பேரில் வேலை செய்தது யார் என்று தெரியவேண்டும். ‘லாகின் பகுதி முழுக்க நான் செய்தேன், டேட்டாபேஸ் என் நண்பன் பார்த்துக்கொண்டான், அதில் எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும்’ என்று பிரித்துச் சொல்வதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. மாறாக, இந்தப் பிள்ளை சொல்வதை நம்பலாம் என்ற எண்ணம்தான் வரும்.

ஒரே ரெஸ்யூமேயை ஐம்பது இடத்துக்கு அனுப்புவது இன்னொரு பழக்கம். லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலனின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி இன்றும் இருக்கிறது. கடிதத்தில் பெரும்பகுதி தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், முற்றுகைக் கருவிகள் என்று போர்த் தொழில்நுட்பம்தான். ஓவியம் வரையவும் தெரியும் என்பது கடைசியில் ஒதுங்கி வருகிறது. அவர் எழுதியது தனக்கு எது பெருமை என்று பார்த்து அல்ல, படிப்பவருக்கு எது தேவை என்று பார்த்து. நீங்கள் அந்த அளவுக்குப் போகவேண்டாம். விளம்பரத்தில் என்ன வேலை என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்து, அதற்குப் பொருந்துகிற ப்ராஜெக்டை மேலே தூக்கி வைத்தாலே போதும். வெப்சைட்டின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை மனப்பாடம் செய்து, அவர்களிடமே ஒப்பிப்பதால் ஒரு பயனும் இல்லை, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களுடைய ஆப்பையோ பொருளையோ அரை மணி நேரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, ‘இந்த இடத்தில் எனக்குக் குழப்பமாக இருந்தது’ என்று ஒன்று சொல்லுங்கள். பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், பத்தாம் வகுப்பில் எவ்வளவு என்று கிளிப்பிள்ளை போல ஆரம்பிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் போதும், எங்கே விட்டோம் என்று தெரியாமல் திரும்பப் பெயரிலிருந்து தொடங்குவார்கள். இதெல்லாம் கையில் உள்ள காகிதத்திலேயே இருக்கிறது. இப்போது என்ன படிக்கிறேன், அதில் எந்தப் பகுதி என்னை இழுத்தது, அதை வைத்து என்ன செய்து பார்த்தேன், இங்கே ஏன் வந்தேன். நாலு வாக்கியம், ஒன்றரை நிமிடம். வார்த்தைகளை உருப்போடாதீர்கள், வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். வாய்விட்டுச் சொல்லி மொபைலில் ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்பது கொடுமைதான், ஆனால் ‘ஆக்சுவலி’ எத்தனை முறை வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

‘உங்கள் பலவீனம் என்ன?’ என்ற கேள்விக்கு ‘நான் ஒரு பெர்ஃபெக்ஷனிஸ்ட்’ என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து. அன்று காலை உங்களுக்கு முன்னால் வந்த நாலு பேரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ‘சந்தேகம் வந்தாலும் கேட்கத் தயங்குவேன், போன ப்ராஜெக்டில் அதனால் இரண்டு நாள் வீணாகிவிட்டது, இப்போது ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு யாரையாவது கேட்டுவிடுகிறேன்’ என்பது உண்மையாக ஒலிக்கும், ஏனென்றால் அதில் ஒரு சம்பவம் இருக்கிறது. சூழ்நிலை, பொறுப்பு, செய்தது, விளைவு என்று நாலு படியாகப் பதில் சொல்லும் ‘ஸ்டார்’ முறை இணையம் முழுக்கக் கிடைக்கும், நல்ல முறைதான். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம், அதைப் பின்பற்றுகிறவர்கள் எல்லாக் கதையையும் வெற்றியில்தான் முடிக்கிறார்கள். அதோடு சூழ்நிலைக்கே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு, தான் செய்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நேர் தலைகீழாக இருக்கவேண்டும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பதில் தெரியாத கேள்வி வரும், வராமல் இருக்காது. சிலர் ‘தெரியாது சார்’ என்று கதவைச் சாத்திவிடுவார்கள், சிலர் கதை விடுவார்கள். இரண்டில் கதை விடுவது மோசம், ஏனென்றால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் சரியான பதில்கள்மீதும் சந்தேகம் வந்துவிடும். கேட்பவர் எதிர்பார்ப்பது இவ்விரண்டும் அல்ல. ‘நம் வெப்சைட் மெதுவாகத் திறக்கிறது என்று புகார் வருகிறது, என்ன செய்வீர்கள்?’ என்று ஒருவரிடம் கேட்டபோது அவர் இப்படி ஆரம்பித்தார்: “இதுவரை இப்படி ஒன்றைச் சரிசெய்ததில்லை. ஆனால் முதலில் எல்லோருக்கும் மெதுவா, சிலருக்கு மட்டுமா என்று பார்ப்பேன். சிலருக்கு மட்டும் என்றால் அவர்கள் நெட் இணைப்பாக இருக்கலாம். எல்லோருக்கும் என்றால், எல்லாப் பக்கமுமா, ஒரு பக்கமா? ஒரு பக்கம்தான் என்றால் பெரிய படங்கள் இருக்கின்றனவா என்று ப்ரௌசரில் பார்ப்பேன், அப்புறம்…” அங்கே நின்றுவிட்டார். “அப்புறம் சர்வர் பக்கம் பார்க்கவேண்டும், அது எப்படி என்று தெரியாது.” டேட்டாபேஸ் பற்றி நான் ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்தேன், அதைப் பிடித்துக்கொண்டு, ‘அப்போ ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் தேடுகிறதா?’ என்று திருப்பிக் கேட்டார். முழு டேபிளையும் தேடாமல் வேண்டிய வரிக்கு நேராகப் போக உதவும் ‘இன்டெக்ஸ்’ என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஆனால் அது தேவைப்படும் இடத்துக்குத் தானாக வந்து நின்றுவிட்டார். அவரைத்தான் எடுத்தோம்.

கொடுத்த குறிப்பைக் காதில் வாங்காமல், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதும் இங்கேதான் நடக்கிறது. இன்டர்வியூ எடுப்பவர் ‘அப்படியா? இன்னொரு தடவை யோசிங்க’ என்றால், அது பெரும்பாலும் அவர் நீட்டுகிற கை.

ஆன்லைன் இன்டர்வியூவில் பக்கத்து ஸ்க்ரீனில் ஏஐ எழுதித் தருவதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரிகிறது. கேள்வி முடிந்ததும் நாலைந்து விநாடி மௌனம், கண் இடமிருந்து வலமாக ஓடும், அப்புறம் எழுத்து நடையில் ஒரு முழுப் பத்தி வரும். ‘நீங்கள் இப்போது சொன்னதில் இரண்டாவது காரணம் எப்படி?’ என்று ஒரு கேள்வி போட்டால் மொத்தமும் சரிந்துவிடும். ஆனால் முந்தின இரவு அதே ஏஐயிடம் ரெஸ்யூமேயைக் கொடுத்து ‘என்னைக் குடைந்து கேள்வி கேள்’ என்று சொல்வது அருமையான பயிற்சி.

மற்ற ஆன்லைன் சமாச்சாரங்கள் சின்னவை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். ஸ்க்ரீன் ஷேர் பண்ணுவதற்கு முன் மெசேஜ் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், நண்பர்கள் அனுப்புவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால் அழைப்பில் உள்ள நேரம் யாருடைய நேரம் என்று பாருங்கள், பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வந்து உட்கார்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

பதற்றம் பற்றி எல்லோரும் ‘அமைதியாக இரு’ என்பார்கள். இருக்க முடியாது. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் அடிக்கின்றன, அதனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்வது அடக்குவதைவிடச் சுலபம்.

கடைசியில் ‘எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா?’ என்பார்கள். ‘இல்லை சார், தேங்க்யூ’ என்று எழுந்துவிடாதீர்கள். யாருக்குக் கீழே வேலை, முதல் இரண்டு வாரம் என்ன செய்யச் சொல்வீர்கள், போன முறை வந்த இன்டர்ன் என்ன முடித்தார், இவை உங்களுக்கும் நிஜமாகவே தேவைப்படும் தகவல்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் திணறினால், வேலை கற்றுக்கொள்ளும் இடம் அது இல்லை என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். ஸ்டைபெண்ட் கேட்பது தவறு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், ஹெச்.ஆர். ஆளிடம் கேளுங்கள், அவ்வளவுதான். பணம் அவர்கள் தரவேண்டியது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று உங்களிடம் கேட்டால் அது மோசடியாகத்தான் இருக்கும், பேசாமல் விலகிவிடுங்கள்.

வெளியே வந்ததும் நண்பர்களுக்கு போன் போடுவதற்கு முன், சொல்லத் தெரியாமல் விட்ட கேள்விகளை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள், இரவுக்குள் பாதி மறந்துவிடும். அன்றைக்கே அவற்றுக்குப் பதில் தேடுங்கள். மறுநாள் நன்றி சொல்லி அனுப்பும் நாலு வரி மெயிலில், ‘நேற்று நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியைத் தேடிப் படித்தேன், இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். நான் வி-லுக்கப்புக்கு அதைச் செய்யவில்லை. நான்காவது இடத்தில் என்ன வரும் என்று போய்ப் பார்க்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது, அதுவும் அடுத்த இன்டர்வியூவுக்கு முந்தின இரவுதான்.